மேக்குச் சுவருக்கு ஒரு குடை

இல்ல இல்ல, இப்பத் தொறக்காதீங்க. அந்தக் கரண்டுப் பெட்டிக் கதவு ரொட்டிக்கல்லு மாதிரி சுடும். நேத்து இதே நேரத்துக்குத் தெரியாம முழங்கை பட்டுச்சு, பாருங்க, இன்னும் செவந்துதான் இருக்கு. நீங்க இப்படி கார் ஷெட்டுக்குள்ள வாங்க, நெழலாவது இருக்கு. அந்த ஃப்ரீசர் மேலயே உக்காருங்க, தாங்கும். மூடியத் தொறக்கத்தான் அப்பா விடமாட்டாரு, மேல உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கொஞ்ச நேரம் போகட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்.

தெரியுதுங்க, நீங்க இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும். ஃபோன் பண்ணி வரச்சொன்னதும் நானு, வந்தவர நிறுத்தி வைக்கிறதும் நானு. எனக்கே கூச்சமாத்தான் இருக்கு. இந்தாங்க, தர்பூசணித் தண்ணி, எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கேன். வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க. கதவுக்கு அந்தப் பக்கம்தான் அப்பா உக்காந்திருக்காரு. வேலைக்கு வந்த மனுசனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கத் தெரியல, என்னத்தப் படிச்சேன்னு ஆரம்பிச்சிருவாரு.

உங்க சட்டையில ஃபெர்மின்னு தச்சிருக்கே. தோன் ஃபெர்மின்னு கூப்பிடலாமா? பெரியவங்கள வெறும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா எங்கப்பாவுக்கு ஆகாது. என் பேரு யாரேலி. அப்பா பேரு அன்செல்மோ.

ஆமா, மேக்குச் சுவருதான். அங்க கரண்டுப் பெட்டிய வச்சவன் டிசம்பர்ல வந்து வீடு கட்டியிருக்கணும். இந்த யூமா பாலைவனத்துல ஜூலைன்னு ஒரு மாசம் இருக்குறதே தெரியாதவன். மத்தியானத்துக்கு மேல வெயிலு அந்தச் சுவத்த விட்டு நகராது. வெளிய நூத்திப் பதினேழு டிகிரின்னா அந்த இரும்புப் பெட்டிக்குள்ள நூத்தி அம்பதத் தாண்டுது, நான் தெர்மாமீட்டர உள்ள வச்சுப் பாத்தேன். உள்ள இருக்குற உங்க கம்பெனி கரண்டு மானிட்டரு அவ்வளவு தாங்காதுன்னு அது வந்த அட்டையிலேயே போட்டிருக்கு. படிச்சேங்க. நான் எல்லாத்தையும் படிப்பேன், ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னாடி இருக்குறதக்கூட. எங்க வீட்டுல முதல்ல காலேஜுக்குப் போனவ நான். ஒரு வரிய விட்டுட்டா எல்லாமே தப்பாப் போயிருமோன்னு ஒரு பயம் எப்பவும் இருக்கும்.

எதுக்கு வாங்கினோமா? அம்மாவுக்காக. எங்கம்மா ஒஃபேலியா. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் லெட்டூஸ் கீரை வயல்லதான் வேலை. உங்களுக்குச் சொல்லவா வேணும், குளிர்காலம் பூரா இங்க அறுப்பு, ஏப்ரல் வந்தா வேலையெல்லாம் வடக்க சாலினாஸுக்குப் போயிரும், பின்னாடியே நம்ம சனமும் போயிரும். நவம்பர்லதான் திரும்பும். நான் பாதி ஒண்ணாங்கிளாஸ் இங்க படிச்சேன், மீதி அங்க படிச்சேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் அம்மாவுக்கு இந்தப் புழுதியில வர்ற காய்ச்சல் வந்து, அது நுரையீரல்லயே தங்கிருச்சு. பெட்ரூம்ல ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலா ஓடணும், மூக்குல குழாய் இருந்துக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாலினாஸ்ல ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. அங்க எப்படிக் கூட்டிட்டுப் போறது? அப்பா போகலன்னா வீடு எப்படி ஓடும்? நான் டூசான்ல, காலேஜும் வேலையுமா. பக்கத்து வீட்டு எல்வீரா அம்மா காலையிலயும் சாயங்காலமும் எட்டிப் பாப்பாங்க. நடுவுல யாரு?

அப்பத்தான் இத மாட்டினோம். அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்லிப் புரிய வச்சேன் தெரியுமா? வீட்டுக்குள்ள வர்ற ரெண்டு பெரிய ஒயருக்கும் வளையல் போடுற மாதிரி ஆளுக்கொரு கிளாம்ப் போட்டுருவோம்மா, அது நாடி புடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும், எந்த மெஷின் ஓடுதுன்னு அதோட துடிப்ப வச்சுக் கண்டுபுடிச்சு எங்க ஃபோனுக்குச் சொல்லும்னேன். அதுக்கு அம்மா, அப்ப நான் ரெண்டாவது தடவ காப்பி போட்டா உங்கப்பனுக்குத் தெரிஞ்சுருமான்னாங்க. தெரிஞ்சுரும்மான்னேன். அப்ப அடுப்புல வச்சுக் குடிச்சுக்கிறேன் போன்னாங்க.

ஒவ்வொரு மெஷினுக்கும் நம்மளே பேரு வைக்கலாமில்ல? உங்களுக்குத் தெரியாததா. ஃப்ரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின், எல்லாத்துக்கும் வச்சேன். ஆக்சிஜன் மெஷினுக்கு மட்டும் என்ன வைக்கிறதுன்னு கேட்டேன். அப்பாதான் சொன்னாரு, அம்மாவோட காத்துன்னு போடு. அப்படியே போட்டேன். மெஷின் நின்னா ஒரு சத்தம், திரும்ப ஓட ஆரம்பிச்சா ஒரு சத்தம், ரெண்டு பேரு ஃபோனுக்கும் வரும்.

சாலினாஸ்ல சாப்பாட்டு நேரத்துல அப்பா முதல்ல ஃபோனத்தான் பாப்பாரு. அது அம்மாவுக்குத் தெரியும். சரியா அந்த நேரத்துக்கு இங்க வெறும் மிக்ஸிய மூணு தடவ விட்டு விட்டு ஓட்டுவாங்க. டர், டர், டர். அவரு ஃபோன்ல ஓடுற கோட்டுல மூணு சின்ன முள்ளு எந்திரிச்சு நிக்கும். கூட வேலை செய்யிறவங்க, அன்செல்மோவுக்குப் பொண்டாட்டி மிக்ஸியில முத்தம் அனுப்புறாய்யான்னு வயலே கேக்குற மாதிரி கத்துவாங்களாம். அப்பாவுக்கு வெக்கம் தாங்காது. ஆனா மறுநாளும் எல்லாருக்கும் முன்னாடிதான் எடுத்துப் பாப்பாரு.

சிரிக்கிறீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஜூன் வர்ற வரைக்கும்.

ஜூன்ல சூடு ஏறுச்சு. மத்தியானம் ஆனா மானிட்டரு மயங்கிரும். ஃபோன்ல ஒண்ணும் இருக்காது, ஒரே வெறுமை. சாயங்காலம் சூடு தணிஞ்சாத்தான் உயிரு வரும். அந்த நடு நேரம் பூரா அப்பா அங்க இருந்து எனக்கு ஃபோன் அடிப்பாரு, நான் அம்மாவுக்கு அடிப்பேன், அம்மா எடுத்து, உயிரோடதான்டி இருக்கேன், தூங்க விடேன்டின்னு திட்டுவாங்க.

அதுக்கப்புறம் எங்க வைத்தியம் ஆரம்பிச்சுச்சு. முதல்ல எல்வீரா அம்மா ஈரத்துண்ட எடுத்துப் பெட்டி மேல போடப் போனாங்க. கரண்டுப் பெட்டி மேல ஈரத்துண்டு! ஃபோன்லயே நான் போட்ட கூச்சல்ல எங்க விடுதியில இருந்த பொண்ணுங்கல்லாம் ஓடி வந்துட்டாங்க. அப்புறம் சமையக்கட்டு அலுமினியத் தாள ஒட்டினாங்க, அது அடிச்ச காத்துல பிச்சுக்கிட்டு வேலியில போயி மாட்டிக்கிச்சு. ஜூலை லீவுக்கு அப்பா வந்தாரு. வரும்போது லெட்டூஸ் போர்வை ஒண்ணு கொண்டு வந்தாரு. வெள்ளி மாதிரி மினுக்கும்ல, பெட்டி பெட்டியா அடுக்கின லெட்டூஸ் மேல லாரி வர்ற வரைக்கும் போட்டு மூடி வைப்பாங்களே, அதுதான். இருபது வருசமா அவரு பாத்தது அது ஒண்ணத்தானே. இதப் போட்டா எந்த வெயிலயும் இலை வாடாதும்மான்னு சொல்லி, பெட்டிய சுத்திப் போர்த்திக் கயிறு போட்டுக் கட்டிட்டாரு.

ஆமாங்க. அதேதான். லெட்டூஸ் குளுந்து வருது, மூடினா அந்தக் குளிரு உள்ளேயே நிக்கும். இது உள்ளயிருந்தே சுடுற சாமானாச்சே, மூடினா சூடுதான் உள்ள நிக்கும். அன்னைக்குச் சாயங்காலம் மானிட்டருக்கு உயிரே வரல. மறுநாள் காலையிலதான் வந்துச்சு, அதுவும் ஒரு கிளாம்ப் வெந்துபோயி வந்துச்சு. மேல பிளாஸ்டிக் நெளிஞ்சிருக்கும், தொறந்தா பாப்பீங்க. அப்பா முகம் போன போக்க நீங்க பாத்திருக்கணும். அம்மாதான் உள்ள இருந்து, விடுங்க, மானிட்டரயும் சாலட் பண்ணிட்டீங்கன்னு கேலி பண்ணிச் சிரிக்க வச்சாங்க.

அதுக்கப்புறம்தான் நான் அந்தப் பலகையப் பண்ணினேன். அந்தா, சுவத்துல சாஞ்சிருக்கு பாருங்க. சாதா பிளைவுட்டு, வெள்ளைப் பெயின்டு ரெண்டு கோட்டு. பெட்டியோட ஒட்டாம நாலு விரல் தள்ளி நிக்கும். மேலயும் கீழயும் தொறந்து விட்டிருக்கேன், சூட்டுக்காத்து தானா மேல ஏறிப் போயிரும். வேற வித்தை ஒண்ணும் இல்ல. சுவருக்கு நெழலக் குடு, காத்துக்கு வழியக் குடு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் மானிட்டரு ஒரு நாள்கூட மயங்கல. அப்பாவுக்குத் தாங்கல. போர்வை தோத்துப்போச்சில்ல? காலேஜுக்கு அனுப்பி வச்சா, சுவருக்குக் குடை புடிக்கக் கத்துக்கிட்டு வந்திருக்கா எம்பொண்ணுன்னு ஊரெல்லாம் சொன்னாரு. கேலி மாதிரிதான் சொல்லுவாரு. ஆனா ஒருத்தர விடாம எல்லாருகிட்டயும் சொன்னாரு.

ஏன் இப்பக் கீழ இருக்குன்னா? நீங்க கேப்பீங்கன்னு தெரியும்.

குளிர்காலத்துல காத்து அடிச்சு ஒரு தடவ விழுந்துச்சு. அப்ப அதத் திருப்பி மாட்டுற நெலமையில யாரும் இல்ல. மே மாசம் என் படிப்பு முடிஞ்சு நான் வந்து மாட்டினேன். மறுநாள் சாயங்காலம் பாத்தா கீழ சாஞ்சிருக்கு. காத்துன்னு நெனச்சேன். திரும்ப மாட்டினேன், மறுநாளும் அப்படியே. ஸ்குரூ நாலும் ஜன்னல் மேல வரிசையா இருக்கு, காத்து ஸ்குரூவ வரிசையா அடுக்குமா? அப்பாதான். தெனமும் மத்தியானம் வந்து கழட்டிருவாரு. நான் மாட்டுவேன், அவரு கழட்டுவாரு. கேட்டா, பெட்டிக்கும் மூச்சு முட்டுமில்லன்னாரு. நான் விடல, ஏம்ப்பா அது வெந்து செத்துரும்ப்பான்னேன். அவரு இந்த வருசம் சாலினாஸ்ல இருந்து பாதியிலயே வந்துட்டாரு, தோன் ஃபெர்மின். ஏப்ரல்ல போனவரு மே முடியுறதுக்குள்ள திரும்பிட்டாரு. அறுப்பு நடக்கும்போது கூட்டத்த விட்டு யாராவது வருவாங்களா? அடுத்த வருசம் கூப்பிடவே மாட்டாங்க. அது தெரிஞ்சும் வந்துட்டாரு.

வந்ததுல இருந்து தெனமும் இதுதான். பலகையக் கழட்டி வச்சிட்டு, ஃபோனக் கையில வச்சுக்கிட்டு, அந்தச் சுவத்துக்குப் பக்கத்துலயே நிப்பாரு. உள்ள ஏசி இருக்கு, உள்ள உக்காந்தாலும் ஃபோன்ல அதே சத்தம்தான் கேக்கப்போவுது. சொன்னாக் கேக்க மாட்டாரு. பெட்டிக்குப் பக்கத்துல நின்னாத்தான் சீக்கிரம் வரும்னு அவருக்கு ஒரு நெனப்பு. அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் நிப்பாரு. வந்ததும் ஒரு நிமிசம் ஃபோனப் பாத்துட்டு, உள்ள போயி மூஞ்சியக் கழுவிட்டுப் படுத்துருவாரு.

போன வாரம் விழுந்துட்டாரு. சுவத்தோரமா. எல்வீரா அம்மாதான் பாத்துக் கத்தினாங்க. நான் ஓடி வந்து தொட்டா உடம்பு கொதிக்குது, ஒரு சொட்டு வேர்வை இல்ல. வேர்க்கலன்னா வெயில் உயிருக்கே வந்துருச்சுன்னு அர்த்தம், நம்ம ஊருல எல்லாருக்கும் தெரியுமே. இந்த ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்து, கக்கத்துல ஐஸ் கட்டிய வச்சு, தண்ணிய ஊத்தி... சரியாயிட்டாரு. ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சிருந்து அனுப்பிட்டாங்க. கண்ணத் தொறந்ததும் கேட்ட முதல் வார்த்தை, ஃபோன் எங்கம்மா.

திங்கக்கிழமை நான் ஃபீனிக்ஸ்ல வேலையில சேரணும். எங்க குடும்பத்துல நாற்காலியில உக்காந்து பாக்குற முதல் வேலை. நான் போயிட்டா யாரு பலகைய மாட்டுறது? யாரு அவர உள்ள கூப்பிடுறது? அதனாலதான் உங்க ஆபீசுக்கு ஃபோன் பண்ணினேன். பழச எடுத்துருங்க, புதுசப் போடுங்க, ஒயர நீளமா இழுத்து மானிட்டர வீட்டுக்குள்ள வைங்க, கிளாம்ப் மட்டும் பெட்டியில இருக்கட்டும்னு சொன்னேன். ஏசி பில்லக் கணக்குப் பாக்க அது வேணும். அவருக்கு வெளிய வந்து நிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது. காலையில அவருகிட்டயும் மறைக்காமச் சொல்லிட்டேன். எனக்கு மறைக்க வராது, மூஞ்சியிலேயே தெரிஞ்சுரும். அவரு ரொம்ப நேரம் காப்பிய ஆத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம், சரிம்மா, இன்னைக்கு ஒரு தடவ சத்தம் வரட்டும், அப்புறம் எடுக்கச் சொல்லுன்னாரு. நான் ஒரு நிபந்தனை போட்டேன். இன்னைக்கு நீங்க வெளிய நிக்கக்கூடாது, உள்ள உக்காந்து கேளுங்க, பலகைய நானே கழட்டுறேன்னு. அதான் அது கீழ இருக்கு. இன்னைக்குக் கழட்டினது நான்.

அதுக்குத்தான் உங்கள உக்கார வச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?

உங்களுக்குக் கீழ ஆடுதா? ஃப்ரீசர்தான், மோட்டார் எடுக்கும்போது அப்படித்தான் ஒரு உதறு உதறும். பழைய சாமான். பயப்படாதீங்க.

அந்தா. கேட்டுச்சா? அப்பா ஃபோனுதான், சத்தத்த உச்சத்துல வச்சிருக்காரு. என் ஃபோன்லயும் வந்திருச்சு, பாருங்க. அம்மாவோட காத்து, ஓட ஆரம்பிச்சிருச்சு.

ஒரு நிமிசம் மட்டும் குடுங்க அவருக்கு.

சரி. வாங்க, போலாம். இந்தாங்க கையுறை. மெயின் சுவிட்ச இறக்கிருங்க.

ஏன் கைய எடுத்துட்டீங்க? ஓ, மெஷினா? அதுக்கு பயப்படாதீங்க, இறக்குங்க. பெட்ரூம்ல ஒண்ணும் ஓடல. பிப்ரவரியில அடக்கம் முடிஞ்ச மறுநாளே வாடகைக்குக் குடுத்த கம்பெனிக்காரங்க வந்து மெஷினத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப ஓடுறது நீங்க உக்காந்திருந்த ஃப்ரீசர். அது நாள் பூரா ஓடும், அப்பெல்லாம் மானிட்டரு ஃப்ரீசருன்னு சரியாத்தான் சொல்லும். ஆனா மானிட்டரு மயங்குறதுக்கு முன்னாடி அந்த வெந்த கிளாம்ப் நல்லாச் சூடேறிட்டா அளவு கொஞ்சம் தப்பும், ஃப்ரீசரு அப்ப அம்மாவோட மெஷின் மாதிரியே தெரியும். பலகைய மாட்டினாச் சூடு ஏறாது. சூடு ஏறலன்னாத் தப்பாது. தப்பலன்னா இந்தச் சத்தம் வராது.

மே மாசம் முதல் தடவ வந்தப்ப அவரு சாலினாஸ்ல வயலுக்கு நடுவுல நின்னுக்கிட்டிருந்தாரு. கத்திய அப்படியே லெட்டூஸ்ல குத்தி விட்டுட்டு வண்டிய எடுத்துட்டாரு. வழியில எங்கயும் நிக்கலையாம். எல்வீரா அம்மா பாத்தாங்க. வந்தவரு பெட்ரூம் கதவத் தட்டினாராம். தன் வீட்டுல, தன் ரூமு. தட்டிட்டு, யாராவது தொறப்பாங்கன்னு நின்னுக்கிட்டே இருந்தாராம்.

சொல்லாம இருப்பேனா? ஃப்ரீசருப்பான்னு படம் போட்டே காட்டினேன். தெரியும்மா, எனக்கொண்ணும் பைத்தியம் இல்லன்னாரு. ஃப்ரீசருதான்னு தெரியும், ஆனா பேரு அவ பேரு தானேம்மான்னாரு.

பேர நான் அழிச்சிருக்கலாம். நியாயந்தான். அழிக்கிற பட்டன் இந்தா இங்க இருக்கு. தெனமும் விரல அது மேல கொண்டு போயிருக்கேன். வேணும்னா நீங்க அமுக்குங்க. பாத்தீங்களா, உங்களுக்கே கை வரல.

அப்பா, ஏன்ப்பா வெளிய வந்தீங்க? சத்தியம் பண்ணீங்கல்ல? தொப்பியாவது போட்டுட்டு வந்திருக்கலாம்ல? என்ன? இல்லப்பா, அவரு பாத்துப்பாரு, பழக்கம்தான் அவருக்கு.

நகராதீங்க தோன் ஃபெர்மின், அப்படியே நில்லுங்க. உங்க முதுகுல வெயில் அடிக்குதாம். வேலை முடியுற வரைக்கும் பலகையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாராம். விடுங்க, நிக்கட்டும். ஃப்ரீசர் எவ்வளவு நேரம் நிக்கும்னு கேக்குறாரு. கரண்டு சீக்கிரம் வந்துரும்னு சொல்லுங்க. டிசம்பர்ல அம்மா சோளமாவுல கட்டி வச்ச தமாலே ஒரு பை உள்ள கெடக்கு, அவரு தொறக்கவே இல்ல, அது எளகிருமோன்னு.

இறக்குங்க. இப்ப இறக்குங்க, அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

பலகையக் கொஞ்சம் தள்ளிப் புடிங்கப்பா. ஒட்டிப் புடிக்காதீங்க. நாலு விரல் விடுங்க. காத்து போகணும்.